கார்த்திக்குக்கு 25 முடிந்தது: குடும்பக் குழுவில் பேசியது

ஜனவரி 25, ஞாயிறு

மணி: அக்கா, நம் ஃபேமிலி ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசியை மார்ச் 20-இல் புதுப்பிக்க வேண்டும். கார்த்திக்குக்கு 25 முடிந்துவிட்டதால் அவன் பெயரை எடுத்துவிடுவார்களாம். அவனுக்குத்தான் வேலை செய்யும் கம்பெனியில் 5 லட்சத்துக்குப் பாலிசி இருக்கிறதே, அப்படியே விட்டுவிடலாமா?

செல்வி: விடாதே மணி. எங்கள் திவ்யா விஷயத்தில் நாங்கள் செய்த தப்பு அதுதான்.

லதா: என்ன ஆயிற்று அண்ணி? எங்களுக்கு நீங்கள் சொல்லவே இல்லையே.

செல்வி: சொல்ல மனம் வரவில்லை லதா. 25 ஆனதும் எங்கள் பாலிசியிலிருந்து அவள் பெயர் போனது. கம்பெனி பாலிசி போதும் என்று இருந்தோம். 2 வருடத்தில் வேலை போனது, அதோடு அந்தப் பாலிசியும் போனது. அப்புறம் புதிதாக ஒன்று எடுத்தோம். 14-வது மாதம் பித்தப்பையில் கல். அதற்கு 2 வருடம் காத்திருப்புக் காலம், அதற்குள் பணம் தர மாட்டோம் என்று கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். என் வளையலை அடகு வைத்துத்தான் ஆபரேஷன் செய்தோம்.

லதா: அய்யோ அண்ணி.

செல்வி: அவள் சின்ன வயதிலிருந்து எங்கள் பாலிசியில் இருந்தவள். அத்தனை வருடமும் கணக்கில் இல்லாமல் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கார்த்திக்: அத்தை, அப்படியென்றால் நான் என்ன செய்ய வேண்டும்?

செல்வி: இதே இன்சூரன்ஸ் கம்பெனியில் உன் பெயரில் தனிப் பாலிசியாக மாற்றித் தரச் சொல். மைக்ரேஷன் என்பார்கள். புது பாலிசி என்று போடவே கூடாது, அந்த இடத்தில் கவனமாக இரு. மாற்றிக்கொண்டால் நீ இதுவரை காத்திருந்த காலம் உன்னோடு வரும். மணி, இதை எப்போது எடுத்தாய்?

மணி: 2019 மார்ச். அவனுடைய வீசிங்கை அப்போதே எழுதிக் கொடுத்தேன். 4 வருடம் காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

செல்வி: அது 2023-லேயே முடிந்துவிட்டது. இடைவெளி விட்டுப் புதிதாக எடுத்தால் வீசிங்குக்கு மறுபடி 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். 2024-இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உச்சவரம்பை 4-லிருந்து 3 ஆகக் குறைத்தது. குறைந்தாலும் 3 வருடம் 3 வருடம்தானே.

கார்த்திக்: வேறு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகலாமா அத்தை?

செல்வி: போகலாம், அது போர்ட்டபிலிட்டி. புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இன்றைக்கு 54 நாள் இருக்கிறது. எதுவானாலும் இந்த வாரத்திலேயே எழுத்தில் கேட்டுவிடு.

மணி: பணம் அதிகமாகுமே அக்கா? எங்களுக்கும் கட்டி, அவனுக்கும் தனியாகக் கட்டி…

செல்வி: உங்களுடையது போல ஒரே தொகையைக் குடும்பமே பங்குபோடும் ஃப்ளோட்டர் பாலிசியில் பெரும்பாலும் மூத்தவர் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள், அதாவது உன் வயது. அவனுக்கு அவன் 25 வயதுக்கு ஏற்ற பிரீமியம்தான் வரும். தனிப்பட்ட பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இல்லை. அதோடு உங்கள் பாலிசியின் 5 லட்சத்தை அவன் பங்குபோட மாட்டான், உனக்கும் லதாவுக்கும் பிரியாவுக்கும் முழுதாக இருக்கும்.

கார்த்திக்: நானே கட்டுகிறேன் அப்பா. 10 லட்சத்துக்கு எடுக்கட்டுமா?

செல்வி: எடு. ஆனால் பழைய 5 லட்சத்துக்குத்தான் பழைய வருடங்கள் கணக்கு. கூடுதல் 5 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். தெரிந்து எடுத்துக்கொள்.

லதா: பிரியா எம்.எஸ்சி. படிக்கிறாள், 22தான். அவள் இருக்கலாம் இல்லையா அண்ணி?

செல்வி: இருக்கலாம் லதா. அவளுக்கு 25 வரும் வருடத்தை இப்போதே காலண்டரில் குறித்து வை. கல்யாணம் முன்னால் வந்தால் அப்போதே கேட்டுவிடு.

ஜனவரி 28, புதன்

கார்த்திக்: அத்தை, மைக்ரேஷன் படிவம் வந்துவிட்டது. ஏற்கனவே உள்ள நோய் என்று ஒரு இடம் இருக்கிறது. இப்போது வீசிங் வருவதே இல்லை, எழுத வேண்டுமா?

செல்வி: எழுது. 8 வயதில் தொடங்கியது என்று எழுது. அன்று ராத்திரி உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மணி: 2019-லிருந்து எல்லா வருடத்துப் பாலிசியும் பீரோவில் இருக்கிறது. இரவு போட்டோ எடுத்து அனுப்புகிறேன் கார்த்திக்.