மெமரி கார்டை எப்போது ஃபார்மட் செய்கிறீர்கள்? பார்த்ததையும் பட்டதையும் எழுதுங்கள்

கல்யாணப் புகைப்படக்காரர், கும்பகோணம்

ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் தொழிலில் ஆளுக்கும் ஓய்வில்லை, கார்டுக்கும் ஓய்வில்லை. ஒரு கல்யாணத்தின் படங்கள் கணினியில் இறங்கி முடிவதற்குள் அடுத்த மண்டபத்துக்குக் கிளம்பியாக வேண்டும். கார்டு விபத்துகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. போன தை மாதம் பக்கத்து ஊர் மண்டபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மற்றவர்களும் எழுதுங்கள்.

பெண் வீட்டாருக்கு நான், மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்னொரு குழு. மாலை வரவேற்பு தொடங்கும் நேரம். அந்தக் குழுவின் உதவிப் பையன் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் கேமராவில் போட்டான். கடைசிப் படத்தை மட்டும் திறந்து பார்த்தான். பந்தியில் இலை போட்டிருந்த படம். எந்தக் கல்யாணத்தில்தான் அது இல்லை? போன வாரத்துக் கார்டு என்று முடிவு கட்டி, அதைக் காலியாக்க ஃபார்மட் கொடுத்துவிட்டான். அது அன்று காலை முகூர்த்தம்.

அவனுடைய மூத்தவர் கத்தவில்லை. "அதற்குப் பிறகு ஏதாவது எடுத்தாயா?" என்று மட்டும் கேட்டார். "இல்லை அண்ணா" என்றான். கார்டை உருவி, ஒரு மொய்க் கவரில் போட்டு ஒட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வரவேற்பை எடுக்கப் போய்விட்டார். இரவு மண்டபத்து அறையிலேயே மடிக்கணினியில் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட விட்டோம். மீட்டது எதுவும் அந்தக் கார்டிலேயே எழுதப்படாமல் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும்படி பார்த்துக்கொண்டோம். பழைய பெயர்கள் எல்லாம் போய், எஃப் என்ற எழுத்தும் நீண்ட எண்ணுமாகக் கோப்புகள் வர ஆரம்பித்தன. தாலி கட்டியது வந்தது, அம்மி மிதித்தது வந்தது. வீடியோதான் படுத்தியது. பெரிய கோப்பு கார்டில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் இந்த மென்பொருளுக்கு அதை ஒட்டத் தெரியாது. சில ஓடின, சில திறக்கவே இல்லை.

படங்கள் திரும்பி வந்ததில் மாயம் ஒன்றும் இல்லை. கேமராவின் சாதாரண ஃபார்மட், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலை மட்டும்தான் புதிதாக எழுதுகிறது. பத்திரப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டால் வீடு இடிந்துவிடாது, அந்த மனையில் வேறொருவர் கட்டத் தொடங்கினால்தான் போகும். அதனால்தான் அவர் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

என் பழக்கம் இதுதான். படங்கள் இரண்டு டிஸ்க்குகளில் ஏறி, எடிட்டர் இரண்டையும் திறந்து பார்த்துச் சொல்லும் வரை ஃபார்மட் இல்லை. செய்வதும் கணினியில் அல்ல, அடுத்து எந்தக் கேமராவில் எடுக்கப் போகிறேனோ அதிலேயே. நிறைந்த கார்டு பையில் கவிழ்ந்து கிடக்கும், காலிக் கார்டு முகம் காட்டி நிற்கும்.

மொபைல் சர்வீஸ் கடை, மதுரை

அண்ணன் சொன்னது கேமரா. எங்கள் கடைக்கு வருகிற கதை வேறு.

2015ல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், கார்டைப் போனின் உள் நினைவகமாகவே ஃபார்மட் செய்யும் வசதி இருக்கிறது. எல்லாத் தயாரிப்பாளர்களும் அதைத் தரவில்லை. அப்படிச் செய்தால் கார்டில் உள்ள அனைத்தும் பூட்டப்பட்ட வடிவில் எழுதப்படும், சாவி அந்தப் போனுக்குள் இருக்கும். ஓர் அம்மா தண்ணீரில் விழுந்த போனோடு வந்தார். "போன் போனால் போகட்டும் தம்பி, கார்டில் என் பேத்தி படம் இருக்கிறது, அதை மட்டும் எடுத்துக்கொடுங்கள்" என்றார். கார்டைக் கணினியோடு இணைக்கும் ரீடரில் போட்டால் கணினி அதைக் காலிக் கார்டு போலப் பார்த்து, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கிறது. அவருக்கு எப்படிப் புரியவைப்பது? கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் செத்துக் கிடக்கிற அந்தப் போன் இல்லாமல் அதை யாராலும் படிக்க முடியாது.

போர்டைக் கழற்றி, கழுவி, பவர் லைனில் ஷார்ட்டாகியிருந்த ஒரு சின்னக் கப்பாசிட்டரை எடுத்ததும் போன் உயிர் பெற்றது. திரை பாதிதான் தெரிந்தது. அது போதும். படங்களை இறக்கிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொட்டேன். எல்லா போர்டும் இப்படி எழுந்துவிடாது. அதனால் வாடிக்கையாளர் யார் கேட்டாலும், கார்டை உள் நினைவகமாக மாற்ற வேண்டாம், தனிச் சேமிப்பாகவே வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று. 'பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்யுங்கள்' என்று கணினி கேட்டவுடன் சரி என்று அழுத்தாதீர்கள். வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள். கடைக்கு வருவதில் கணிசமானவை ரீடர் கோளாறுதான்.

கால் டாக்சி ஓட்டுநர், கோவை

எங்கள் ஸ்டாண்டில் ஒரு நண்பரின் வண்டியைச் சிக்னலில் பின்னாலிருந்து இடித்துவிட்டார்கள். வண்டிக்குள்ளிருந்து சாலையைப் பதிவு செய்யும் டேஷ் கேமரா இருக்கிறது என்ற தைரியத்தில் ஸ்டேஷனுக்குப் போனார். கார்டைப் போட்டுப் பார்த்தால் போன மாதம் ஊட்டி போன சவாரியோடு பதிவு நிற்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. கேமராவில் சிவப்பு விளக்கு மட்டும் தினமும் ஒழுங்காக மின்னிக்கொண்டிருந்தது.

பிறகுதான் வேடிக்கை. அந்தக் கார்டை என் கண் முன்னால் ஃபார்மட் செய்தார். முடிந்தது என்று வந்தது. காலியாகக் காட்டியது. வெளியே எடுத்து மறுபடி போட்டார். ஊட்டி சவாரி அப்படியே உட்கார்ந்திருக்கிறது! நாள் முழுக்க எழுதி எழுதி உள்ளே பதிவைத் தாங்கும் நுண்ணிய செல்கள் தேய்ந்ததும், சில கார்டுகள் இனி எழுதுவதில்லை, படிக்க மட்டும் விடுவேன் என்று முடிவெடுத்துவிடுகின்றன. வெளியே சொல்லவும் சொல்லாது. அந்தக் கார்டுக்கு வைத்தியம் கிடையாது.

இப்போது நாங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் 'ஹை எண்டூரன்ஸ்' என்று போட்டிருக்கும், ஓயாமல் எழுதினாலும் தாங்கும் கார்டுதான் வாங்குகிறோம். மாதப் பிறப்பன்று டேஷ் கேமரா மெனுவிலேயே ஃபார்மட், பிறகு சிறிது தூரம் ஓட்டி, அன்றைய பதிவு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சவாரி.

பறவை பார்ப்பவர், நாகப்பட்டினம்

கோடியக்கரையில் பூநாரைகளை எடுக்கும்போது கூட வந்த தோழிக்கு நடந்தது. கார்டில் ஒரு படமும் இல்லை, ஆனால் இடம் இல்லை என்று கேமரா அடம் பிடித்தது. வீட்டில் மேக் கணினியில் போட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் வந்தாராம். குப்பைத்தொட்டியைக் காலி செய்யவில்லை. மேக்கில் கார்டிலிருந்து அழித்தவை அந்தக் கார்டிலேயே ஒரு மறைவான கோப்புறையில் கிடக்கும். கேமராவிலேயே ஃபார்மட் செய்ததும் முழு இடமும் திரும்ப வந்தது.

அழிப்பதற்கும் ஃபார்மட்டுக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. 'எல்லாவற்றையும் அழி' என்றால் நீங்கள் பாதுகாப்புக் குறி வைத்த படங்கள் தப்பிக்கும். ஃபார்மட் அவற்றையும் விடாது. குறி வைத்துவிட்டோமே என்ற நம்பிக்கையில் இருப்பவர்கள் கவனிக்க.

அண்ணா, அடிக்கடி ஃபார்மட் செய்தால் கார்டு சீக்கிரம் கெடும் என்கிறார்களே, உண்மையா?

கல்யாணப் புகைப்படக்காரர், கும்பகோணம்

இல்லை அம்மா. சாதாரண ஃபார்மட் எழுதுவது மிகக் கொஞ்சம், ஒரு கல்யாணத்துக்கு நாம் எடுத்துத் தள்ளும் படங்களோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. கேனன் கேமராக்களில் 'லோ லெவல் ஃபார்மட்' என்று ஒன்று இருக்கும். எழுதும் வேகம் குறைந்தாலோ தரவை முழுதாக அழிக்க வேண்டுமென்றாலோ அதைச் செய்யச் சொல்கிறது அவர்கள் கையேடு. அதைச் செய்த பிறகு போட்டோரெக்கை நம்பி உட்கார முடியாது.

வீடியோக்காரர்கள் கேட்பதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 32 ஜி.பி. வரையுள்ள கார்டுகளைக் கேமரா, கோப்புகளை அடுக்கும் முறைகளில் ஒன்றான ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யும். அதில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டாது, அதனால்தான் நீண்ட பதிவு பகுதி பகுதியாக உடைகிறது. 64 ஜி.பி. முதல் எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறை, அங்கே அந்தத் தடை இல்லை. கேமராவிலேயே செய்தால் இதையெல்லாம் நாம் தேர்ந்தெடுக்க வேண்டியதும் இல்லை.

பழைய கேமரா வாங்கி விற்பவர், சென்னை

கார்டோடு சேர்த்துக் கேமராவை விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபார்மட் செய்துவிட்டோம் என்று நிம்மதியாகக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு முறை வந்த கார்டைச் சோதிக்கும்போது மீட்பு மென்பொருளை ஓட்டினேன். முன்பின் தெரியாத ஒரு வீட்டின் சீமந்தம், மருத்துவமனைக் கட்டில், அப்போதுதான் பிறந்த குழந்தை, நடுவில் ஆதார் அட்டையின் இரு பக்கமும். உடனே மூடிவிட்டேன். ஆனால் எல்லோரும் மூடிவிடுவார்கள் என்று சொல்ல முடியுமா?

கேமராக்களில் பெரும்பாலும் போடும் மெமரி கார்டு வகையான எஸ்.டி. கார்டுகளின் தரத்தை வகுக்கும் எஸ்.டி. அசோசியேஷன் இலவசமாக ஒரு ஃபார்மட் மென்பொருள் தருகிறது. அதில் 'ஓவர்ரைட்' என்ற தேர்வு பழைய தரவின் மேலேயே எழுதிவிடும். கார்டை மற்றவர் கையில் கொடுக்கும் முன் அதைச் செய்யுங்கள். பெரிய கார்டுக்கு நேரம் பிடிக்கும். இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம், மடிக்கணினி தானாகத் தூங்கிவிடாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.