அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு ஆக்ஸிமீட்டரை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அம்பத்தூர் மகள் (மே 2021)

அம்மாவுக்கு 74 வயது. மூன்று வருடம் முன்னால் பக்கவாதம் வந்ததில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அம்பத்தூர் வீட்டில் வேலைக்கு இருக்கும் ஒரு அக்கா 24 மணி நேரமும் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்கிறார். செய்யாறு பக்கத்துக்காரர், ஐந்தாவது வரை படித்தவர். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பதிலும் சோற்றைக் குழைத்து ஊட்டுவதிலும் அவருக்கு இருக்கிற பக்குவம் எனக்கு வராது. நான் கோவையில் இருக்கிறேன்.

போன மாதக் கடைசியில் அம்மாவுக்குக் கொரோனா பாசிட்டிவ். லேசானதுதான், வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் போனில் சொன்னார். மருந்து விவரமும், எப்போது ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்பதும் இரண்டு பக்க ஆங்கிலத் தாளாக வாட்ஸ்அப்பில் வந்தன. அதை அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்ஸிமீட்டரும் வாங்கி அனுப்பி, விரலில் மாட்டி எண்ணைச் சொல்லுங்கள், 94-க்குக் கீழே போனால் உடனே கூப்பிடுங்கள் என்றேன். புரிந்ததா அக்கா என்று கேட்டேன். புரிந்தது என்றார்.

நான்கு நாள் 96, 98, 97 என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் சாயங்காலம் வீடியோ காலில் பார்த்தபோது அம்மாவின் முகம் சரியில்லை. மிஷினைக் காட்டச் சொன்னேன். 98 இருந்தது, ஆனால் கீழே, பி.ஆர். என்ற எழுத்துக்குப் பக்கத்தில். மேலே இருந்த ஆக்ஸிஜன் எண் 89. நான்கு நாளாக அக்கா சொன்னது நாடித்துடிப்பை.

ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் படுக்கை தேடி அலைந்து விடியற்காலையில் சேர்த்தோம். ஒன்பது நாள் ஆக்ஸிஜனில் இருந்துவிட்டு அம்மா முந்தாநாள் வீடு திரும்பினார். அக்கா இன்னும் அழுகிறார். அவர்மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை, சொல்லிக்கொடுத்த விதம் என் தப்பு. இப்போது தினமும் அளவைக் குறைத்துக்கொண்டே போக வேண்டிய ஸ்டீராய்டு மாத்திரை இருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு. மறுபடி அதே தப்பைச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒருவருக்கு இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ், திருச்சி

அம்மா வீட்டுக்கு வந்ததே பெரிய ஆறுதல்மா.

முதல் வேலை, "புரிந்ததா" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். வார்டில் 31 வருடம் நானும் கேட்டிருக்கிறேன், புரியவில்லை என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கணும், ஒருமுறை செய்து காட்டுங்க அக்கா" என்று வீடியோ காலில் கேளுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தை மட்டும் திரும்பச் சொன்னால் போதும்.

மிஷினில் ஆக்ஸிஜன் எண் வரும் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டச் சொல்லுங்கள். பொட்டுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் ஆக்ஸிஜன். மிஷினுக்கு மிஷின் இடம் மாறும், அதனால் உங்கள் மிஷினைக் கண்ணால் பார்த்துவிட்டு இடம் சொல்லுங்கள். இடது கை விரலில் மாட்டட்டும். விழுந்த கை பல பேருக்குச் சில்லென்று இருக்கும், அதில் அளவு சரியாக வராது. நகத்தில் மருதாணியோ பாலிஷோ இருந்தாலும் தப்பாகக் காட்டலாம். மாட்டியதும் படிக்கக் கூடாது, எண் ஓடி நிற்க ஒரு நிமிஷம் விட வேண்டும்.

மாத்திரைக்கு நாளுக்கு ஒரு கவர். வீட்டில் பழைய மொய்க் கவர் கிடக்கும், அதுவே போதும். காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா வரைந்து, எத்தனை மாத்திரையோ அத்தனை புள்ளி. ஸ்டீராய்டை டாக்டர் சொன்னதற்கு முன்னால் நிறுத்தவும் கூடாது, மீந்ததை அடுத்தவருக்குக் கொடுக்கவும் கூடாது. ஆக்ஸிஜன் குறையாதவர்கள் ஆரம்பத்திலேயே போட்டால் கெடுதல்தான். சர்க்கரையைத் தினமும் பாருங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், முகத்தில் ஒரு பக்க வலி, மூக்கில் கறுப்பாக வருவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், கறுப்புப் பூஞ்சை என்கிற தொற்றாக இருக்கலாம்.

வீட்டு அட்டெண்டர், 12 வருடம், சென்னை

அம்மா, நானும் அந்த அக்கா செய்கிற வேலையைத்தான் செய்கிறேன். எட்டாவது படித்தேன். இதை நான் சொல்லச் சொல்ல என் மகன் எழுதுகிறான்.

போன வருடம் ஊரடங்கில் பஸ் நின்ற பிறகு ஒரு பெரியவர் வீட்டில் 47 நாள் தங்கினேன். ஏஜென்சியில் ஒரு துணி மாஸ்க் கொடுத்து அனுப்பினார்கள். எப்போது போட வேண்டும், எப்படிக் கழற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஐயா பக்கத்தில் போகும்போது போட்டுக்கொண்டு, சாப்பிடும்போது தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, ராத்திரி அவர் கட்டிலுக்குக் கீழேயே படுத்தேன். ஜன்னலைத் திறக்க வேண்டும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. குளிர்காற்று ஆகாது என்று நான் சாத்திச் சாத்தி வைத்தேன்.

மிஷினில் இன்னொரு தப்பும் நடக்கும். 86-ஐத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், 98 என்று தெரியும். ஐயா விரலில் மாட்டிவிட்டு எதிரில் நின்று நான் அப்படித்தான் படித்தேன். ஆங்கில எழுத்து தெரிந்தவர்களுக்கு எழுத்து தலைகீழாக இருப்பது தெரியும். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் மகன் வந்து பார்த்ததால் பிழைத்தார். அதனால் நர்ஸம்மா சொன்ன பொட்டு ரொம்ப நல்லது, எந்தப் பக்கம் மேலே என்பதையும் அதுவே காட்டும். எதிரில் நிற்காமல் நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், தெரியாது என்று சொன்னால் வேலை போய்விடும் என்று எங்களுக்குப் பயம். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் செய்து, "இதுக்கா எழுப்பினே" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு எது நடந்தாலும் விடியட்டும் என்றுதான் மனசு சொல்லும். அந்த அக்காவிடம் எந்த நேரமும் கூப்பிடலாம் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். சும்மா கூப்பிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லுங்கள்.

அவருக்குக் கொரோனா தடுப்பூசி போட்டாச்சா என்றும் கேளுங்கள். ஜனவரியில் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் போட்டபோது என் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. 45 வயதுக்கு மேல் எல்லாருக்கும் என்று ஏப்ரலில் சொன்ன பிறகுதான் போட்டேன். முதலில் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் அடுத்தது என்றார்கள், இப்போது 12 வாரம் கழித்து வா என்கிறார்கள். மருந்து தீர்ந்துபோனதை மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். நாள் விட்டுப் போட்டால் நன்றாக வேலை செய்யும் என்பதால் தள்ளிவைத்தார்கள் என்று மகன் படித்துச் சொன்ன பிறகுதான் நிம்மதி.

அம்பத்தூர் மகள்

இரண்டு பேருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அக்காவுக்கு ஊசி போட்டாச்சா என்று இதுவரை நான் கேட்டதே இல்லை. இன்று கேட்டேன், போடவில்லை. பக்கத்து முகாமில் விசாரித்துவிட்டேன். அவர் போய்வரும் இரண்டு மணி நேரம் எதிர்வீட்டு மாமி அம்மாவுடன் இருக்க ஒப்புக்கொண்டார்.

பொட்டு ஒட்டியாச்சு. அம்மா டப்பாவில் இருந்த மெரூன் சாந்துப்பொட்டு மாதிரி ஸ்டிக்கர். செய்து காட்டச் சொன்னபோது அக்கா அம்மாவுக்கு இடது பக்கம் உட்கார்ந்து, ஒரு நிமிஷம் வாய்க்குள் எண்ணிவிட்டுப் படித்தார்: "பொட்டுப் பக்கம் 96, கீழே 84." அப்புறம் நான் சொல்லாமலேயே தன் விரலில் மாட்டினார். 97.

நேற்று ராத்திரி 1:40-க்குப் போன் வந்தது. அம்மா தூக்கத்தில் வாயைத் திறந்து மூச்சு விடுகிறார், எண் 95-தான், ஆனாலும் சொல்லத் தோன்றியது என்றார். விளக்கைப் போடச் சொல்லி வீடியோவில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.