ரங்கிதரங்கா பார்த்தவர்கள், துளு தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். 2015-ல் வந்த அனூப் பண்டாரியின் கன்னடப் படம் ரங்கிதரங்காவை நேற்று ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்து இரண்டாவது முறை பார்த்தேன். ஊட்டியில் யார் கண்ணிலும் படாமல் வாழும் எழுத்தாளர் கௌதம், கர்ப்பமாக இருக்கும் மனைவி இந்துவோடு துளு மொழி பேசும் மங்களூர், உடுப்பி பக்கத்துத் துளுநாட்டில் அவளுடைய பூர்வீக வீடு இருக்கிற கமரொட்டுக்குப் போகிறார், அங்கே அவள் காணாமல் போகிறாள். அதற்குமேல் சொன்னால் பார்க்காதவர்களுக்குப் படம் கெட்டுவிடும்.

கதை புரிந்துவிட்டது, அதில் வரும் பூத கோலம் என்கிற தெய்வ ஆட்டச் சடங்குதான் புரியவில்லை. குருத்தோலைப் பாவாடை, காலில் கனத்த சலங்கை, முகம் நிறைய வண்ணம் என்று தெய்வம் ஏறி ஆடுபவரைப் பார்த்ததும் அம்மா டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டு, "நம்ம ஊர் சாமியாட்டம் மாதிரியே இருக்கே" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது, ஆனால் அங்கே பூதம் என்றால் பேய் இல்லை, ஊரைக் காக்கும் தெய்வம் என்று படித்திருக்கிறேன்.

படத்தில் வரும் 'டென்னானா' பாட்டின் துளு வரிகளுக்கு யாராவது தமிழில் அர்த்தம் சொல்ல முடியுமா? சப்டைட்டிலை நம்ப முடியவில்லை. கோலத்தில் பாடும் பாட்தனக் கதைகள் தமிழில் புத்தகமாக வந்திருக்கிறதா? அப்புறம், மங்களூர், உடுப்பி பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள், வெளியூர்க்காரர்கள் கோலம் பார்க்க வரலாமா, எந்த மாதத்தில் வரவேண்டும், என்னென்ன முறை கடைப்பிடிக்க வேண்டும்? அம்மாவுக்கு முட்டிவலி, ராத்திரி முழுக்கத் தரையில் உட்கார முடியாது, அதையும் மனதில் வைத்துச் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.