நாடு சண்டை போட்டா பிளேயர் ஏன் வீட்ல உக்காரணும்? எம்பொண்ணு கேக்கறா, பதில் தெரியல

ஃபேர்லேண்ட்ஸ்_அப்பா:

வணக்கம் மக்களே. எம்பொண்ணு எட்டாவது படிக்கிறா, செஸ் ஆடுவா, டிஸ்ட்ரிக்ட் லெவல்தான், அதுக்கே மாசம் ரெண்டு தடவ ஈரோடு நாமக்கல்னு அலைச்சல். 2022-ல மாமல்லபுரத்துல ஒலிம்பியாட் நடந்தப்ப சேலத்துல இருந்து விடிகாலைல கெளம்பி ஒருநாள் கூட்டிட்டுப் போய் காட்டுனேன். செஸ்னாலே ரஷ்யான்னு அவ கோச் சொல்லிருப்பாரு போல, டேபிள் டேபிளா கொடியத் தேடிட்டு "ரஷ்யா எங்கப்பா"ன்னா. உக்ரைனோட சண்டை போடறாங்க, அதான் சேத்துக்கலன்னு சொல்லி அன்னிக்கு தப்பிச்சுட்டேன்.

இப்ப விவரம் வந்துருச்சு, விடமாட்டேங்கறா. போன ஞாயிறு அம்மாப்பேட்டைல தட்டுவடை செட் தின்னுட்டே ஒரு கணக்கு போட்டா பாருங்க. அந்த ஒலிம்பியாடே மாஸ்கோல நடக்க வேண்டியது, சண்டையாலதான் நம்ம பக்கம் வந்துச்சு. ரஷ்யாவோட கர்யாகினுக்கு உலக செஸ் அமைப்பு ஃபிடே ஆறு மாசம் தடை போட்டுச்சு, டைட்டில் மேட்ச்சுக்கு ஆள் தேர்ந்தெடுக்கற கேண்டிடேட்ஸ்ல அவர் எடத்துக்கு டிங் லிரன் வந்து ரெண்டாவதா முடிச்சாரு, அப்ப சாம்பியனா இருந்த கார்ல்சன் டைட்டில் மேட்ச் வேண்டாம்னு ஒதுங்கிட்டதால ரஷ்யாவோட நெப்போம்னியாஷிகூட உக்காந்து ஆடி 2023-ல சாம்பியன் ஆனாரு, அவரத்தான் 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல குகேஷ் ஜெயிச்சது. "தடை இல்லேன்னா குகேஷ் யார்கூடப்பா ஆடிருப்பாரு?" எனக்கு காரட் துருவல் தொண்டைல மாட்டிக்கிச்சு.

நெசமாத்தான் கேக்கறேன், நாடு பண்ற சண்டைக்கு ஆடறவங்கள நிறுத்தறது நியாயமா? எனக்கு தப்புன்னுதான் படுது.

காந்தி_ஸ்டேடியம்_கோச்:

தப்புதான் சார், இதுல என்ன யோசனை. நான் ஹைஜம்ப் பசங்களுக்கு சொல்லித் தர்றவன். இந்த உடம்பு இருக்கு பாருங்க, அது ரொம்ப கொஞ்ச நாளைக்குத்தான் நம்ம பேச்ச கேக்கும், ஜிம்னாஸ்டிக்ஸ் புள்ளைங்களுக்கு இன்னும் மோசம், ரெண்டு வருஷம் வெளிய உக்காந்தா கதை முடிஞ்சுது. நம்ம பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016-ல ரியோ பாராலிம்பிக்ல 1.89 மீட்டர் தாண்டி தங்கம் எடுத்தப்ப வயசு 21. அம்மா காய்கறி வித்து வளத்த புள்ள. அந்த வருஷம் டெல்லில எவனோ எடுத்த முடிவுக்கு நீ ரியோ வராதன்னு சொல்லிருந்தா அந்த அம்மா போய் யார கேப்பாங்க?

ஸ்டீல்பிளான்ட்_ஷிஃப்ட்:

2003-ல ஈராக் மேல குண்டு போட்டாங்க. 2004 ஏதென்ஸ்ல அமெரிக்கா கொடி புடிச்சுட்டு வந்து மெடல் டேபிள்ல முதல் எடம் வாங்கிட்டுப் போச்சு. ஒருத்தனும் வாய தொறக்கல. இன்னொரு கூத்து, 2022 விம்பிள்டன்ல ரஷ்யா பெலாரஸ் ஆளுங்கள உள்ள விடல, கடைசில பெண்கள் கப்ப தூக்குனது மாஸ்கோல பொறந்து கஜகஸ்தானுக்கு ஆடற ரிபாகினா 😂 நைட் ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு, வர்றேன்.

ஏற்காடு_20வது_வளைவு:

அண்ணா கர்யாகின இதுல இழுக்காதீங்க, அவரு ரஷ்யாக்காரர்னு தடை வரல, சண்டைய ஆதரிச்சு வெளிப்படையா எழுதுனதுக்கு வந்தது. அதுலயும் அவரு பொறந்தது கிரிமியால, முன்னாடி உக்ரைனுக்கே ஆடுனவரு! அதே நேரத்துல நெப்போ சண்ட வேண்டாம்னு போன லெட்டர்ல கையெழுத்து போட்டாரு, அவர கேண்டிடேட்ஸ்ல ஃபிடே கொடில ஆட விட்டாங்க, ஜெயிச்சும் காட்டுனாரு. பாப்பாகிட்ட இந்த வித்தியாசத்த சொல்லுங்க.

கோச் சார் சொல்ற உடம்பு விஷயம் சரி, ஆனா அந்த உடம்பு யார் காசுல வளருதுன்னும் பாக்கணும்ல. அங்க பெரிய கிளப்பே ராணுவத்தோடது, சிஎஸ்கேஏன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 2022 மார்ச்ல தோஹால இவான் குலியாக்னு ஒரு ஜிம்னாஸ்ட் நெஞ்சுல ரஷ்யப் படைய ஆதரிக்கற Z அடையாளம் ஒட்டிட்டு மெடல் வாங்க ஏறுனான், பக்கத்துல தங்கம் வாங்கிட்டு நின்னது உக்ரைன் பையன். ஊர்ல குண்டு விழுந்துட்டு இருக்கு, அந்தப் பையன் சிரிச்சுட்டு போட்டோவுக்கு நிக்கணுமா?

உக்ரைன் ஓல்கா கார்லன் கதை அதவிட மோசம். 2023-ல மிலான்ல வாள் சண்டை, ரஷ்ய பொண்ண 15-7 ஜெயிச்சுட்டு கைகுடுக்கல, வாள மட்டும் நீட்டுனாங்க. கைகுடுக்கறது ரூல்னு சொல்லி ஜெயிச்சவங்களயே வெளிய அனுப்பிட்டாங்க! அப்புறம் கத்தி கூப்பாடு போட்டு ஒலிம்பிக் கமிட்டி பாரிஸ்ல எடம் குடுத்துச்சு, அங்க தனியா வெண்கலம், டீமா தங்கம். தடை வேண்டாம்னு சொல்றவங்க கார்லன் கைய புடிச்சு இழுத்து குலுக்க வெக்கறாங்க, அவ்ளோதான்.

எனக்கு பாரிஸ்ல பண்ணது ஓகே. கொடி கெடையாது, தேசிய கீதம் கெடையாது, டீம் ஆட்டம் கெடையாது, ராணுவத்துல சம்பளம் வாங்கறவனும் சண்டைக்கு கொடி புடிச்சவனும் கெடையாது. ரஷ்யா, பெலாரஸ் ரெண்டுக்கும் சேத்து 32 பேர்தான் ஆடுனாங்க.

அஸ்தம்பட்டி_ரிட்டயர்டு:

தம்பிகளா, 1974 டேவிஸ் கப் டென்னிஸ் ஃபைனல் தெரியுமா? விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ், நம்ம மெட்ராஸ் பசங்க, செமில ரஷ்யாவ சாச்சுட்டு நிக்கறாங்க. எதிர்ல சவுத் ஆப்பிரிக்கா. நிறவெறி நாட்டோட ஆடறதில்லன்னு இந்தியா விலகிருச்சு, கப் சும்மா அவங்களுக்கு போச்சு. அப்ப நான் காலேஜ், வயிறு எரிஞ்சுது. ஆனா அந்த மாதிரி ஊர் ஊரா ஒதுக்கித்தான் அவங்க வழிக்கு வந்தாங்க, 1991-ல முதல்ல வந்து கிரிக்கெட் ஆடுனதும் கல்கத்தா ஈடன்லதான். (ஆட்டம் மட்டும் காரணம்னு சொல்லல, உள்ள போராடுனவங்கதான் பெரிய காரணம்.) அதே சமயம் 1980 மாஸ்கோவுக்கு ஆப்கானிஸ்தான காரணம் காட்டி அமெரிக்கா போகல, நாம போனோம், நம்ம பாஸ்கரன் கேப்டன்சில ஹாக்கி தங்கம். பல பெரிய டீம் வராத வருஷம் அது. நமக்கு வசதியானப்ப ஒரு ஞாயம், வேறப்ப வேற ஞாயம். நானும் சேத்துத்தான் சொல்றேன்.

காந்தி_ஸ்டேடியம்_கோச்:

ஐயா, சவுத் ஆப்பிரிக்கால கறுப்பு பிளேயர டீம்லயே சேக்கல, வெளையாட்டுக்குள்ளயே அந்த குத்தம் இருந்துச்சு. இங்க அப்படி இல்லயே.

தாரமங்கலம்_வாலிபால்:

எல்லாரும் ரஷ்யாவயே பேசறீங்க, 2013 மறந்துட்டீங்களா? இலங்கை பிளேயர் இருந்தா சென்னைல ஐபிஎல் மேட்ச் நடத்த விடமாட்டோம்னு அப்ப முதல்வரா இருந்த ஜெயலலிதா அம்மா லெட்டர் போட்டாங்க, ஐபிஎல்லும் ஒத்துக்கிச்சு. எனக்கு அப்ப 14 வயசு, இங்க இலங்கை அகதிகள் முகாம்ல. நாங்க கைதட்டுனோம்ங்க, பொய் சொல்லல, யாரோ ஒருத்தங்களாவது எங்களுக்காக ஏதோ பண்றாங்கன்னு இருந்துச்சு. எங்கப்பா மட்டும் தட்டல. முரளியும் வரமுடியாதேடான்னாரு. முரளி அப்ப பெங்களூர் டீம், கண்டி பக்கத்து தமிழன், அவரும் அந்த லிஸ்ட்லதான். எங்கப்பாவுக்கு முரளி அரசியல் பேச்சு மேல கோவம் உண்டு, ஆனா பௌலிங் போட்டா டிவி முன்னாடி இருந்து எந்திரிக்கமாட்டாரு. எது சரின்னு எனக்கு இன்னிக்கும் தெரியல.

இன்னொண்ணு. நான் பொறந்தது இங்க. இந்தியா பாஸ்போர்ட்டும் இல்ல, இலங்கை பாஸ்போர்ட்டும் இல்ல. காலேஜ் டீம்ல நல்லா ஆடுனேன், ஒரு செலக்‌ஷன்ல பேர் வந்துச்சு, டாக்குமெண்ட் கேட்டாங்க, அதோட சரி. என்ன யாரும் தடை பண்ணல, அதனால அப்பீல் பண்ணவும் எடமில்ல. ஒலிம்பிக்ல அகதிகளுக்கு டீம் இருக்கு, ரியோல 10 பேர், பாரிஸ்ல 37 பேர், சிண்டி இங்காம்பா பாக்ஸிங்ல வெண்கலம் எடுத்தாங்க. வாலிபாலுக்கு அதுல வழி இல்ல.

ஃபேர்லேண்ட்ஸ்_அப்பா:

எல்லாத்தயும் அவகிட்ட படிச்சுக் காட்டுனேன். கர்யாகின் விஷயத்துல தான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கிட்டா, எங்கிட்ட இப்படி ஒருநாளும் ஒத்துக்கிட்டதில்ல. எனக்கும் முழுசா தப்புன்னு இருந்தது இப்ப கொஞ்சம் ஆடிருச்சு, கொடிய எடுத்துட்டு ஆள விடறதுல நிக்கறேன். தாரமங்கலம் தம்பி, இன்னும் ஆடறீங்களான்னு கேக்கச் சொன்னா.

தாரமங்கலம்_வாலிபால்:

ஆடாம என்னண்ணா. ஞாயித்துக்கிழம மூணு மணிக்கு முகாம் கிரவுண்டுல மேட்ச். வெயில் தாங்கும்னா கூட்டிட்டு வாங்க. கோச் சார், நெட்டு ஒண்ணு பழசு கெடச்சாலும் சொல்லுங்க, எங்களுது நடுவுல கிழிஞ்சுருச்சு.