யூரியா போட்டும் கங்கோங் மஞ்சளாகிறதே, சத்து எங்கே போகிறது?

மலர், சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தி கங்கோங் கீரை, ஒரு பாத்தி பயற்றங்காய் போட்டிருக்கிறேன். போன மாதம் என் கொழுந்தனார் எண்ணெய் மில்லிலிருந்து, பழம் உதிர்த்தபின் மிஞ்சும் செம்பனை வெறுங்குலை கொஞ்சம் கொண்டுவந்து போட்டார். எருவாகும் என்று நறுக்கி, கங்கோங் பாத்தியில் கொத்திக் கலந்துவிட்டேன். மூன்றாவது வாரத்தில் அடியிலை எல்லாம் வெளிறிப்போனது. ஒரு கைப்பிடி யூரியா தூவினேன், அன்று மாலையே பேய்மழை. ஒரு வாரமாகியும் பச்சை திரும்பவில்லை. பயற்றங்காயோ ஒரு துளி உரமும் இல்லாமல் கரும்பச்சையாக நிற்கிறது! அப்பா பால்மரக்காட்டில் இருந்தபோது, கன்றுகளுக்கு நடுவே படரும் கொடியைக் காட்டி, "இது காத்துல இருந்து உரம் எறக்கும்" என்பார். அது உண்மையா?

வகுப்பறை

உண்மைதான் அக்கா. இலையைப் பச்சையாக வைக்கும் சத்து நைட்ரஜன். காற்றில் 78 விழுக்காடு அதுதான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுக்கிப் பிடித்திருப்பதால் செடியால் அதை அப்படியே எடுக்க முடியாது. மின்னல் கொஞ்சம் உடைக்கும். மீதியைச் சில நுண்ணுயிர்கள் செய்கின்றன. அதை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்கும் வழியை ஜெர்மன் வேதியியலாளர் ஹேபர் 1909இல் ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டினார். 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் தொழிற்சாலையே வந்துவிட்டது. உங்கள் யூரியாவும் அந்த வழியில் வந்ததுதான்.

பழைய கிராணி

மலரம்மா, உங்கள் அப்பா சொன்னது சரி. நான் 1980களில் வெளிக்காட்டு வேலையில் இருந்தவன். விடியற்காலைப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்ததும், மறுநடவு நிலத்தில் பூராரியா, காலப்போகோனியம் என்ற அந்தக் கொடிகள் சரியாக மூடியிருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் முதல் வேலை.

ஒருநாள் ஒரு பெரிய மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், கொடியைப் பிடுங்கி வேரைக் காட்டினார். மிளகு அளவுக்கு உருண்டை உருண்டையாக முடிச்சுகள். கட்டைவிரல் நகத்தால் ஒன்றைக் கிள்ளினார். உள்ளே ரத்தச் சிவப்பு. "வேலை செய்யுது பாரு" என்றார். காரணம் பின்னால்தான் புரிந்தது. உள்ளே இருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்று நைட்ரஜனை அம்மோனியாவாக்கும். ஆனால் ஆக்சிஜன் அதிகமானால் அதன் வேலை கெட்டுவிடும். நம் ரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஒரு சிவப்புப் பொருள் அங்கே ஆக்சிஜனை அளந்து கொடுக்கிறது. கிள்ளிப் பார்க்கும்போது பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் முடிச்சு வேலையை நிறுத்திவிட்டது என்று பொருள். பயற்றங்காயும் அந்தக் கொடிக்குச் சொந்தம்தான்.

இப்போது கங்கோங்குக்கு வருகிறேன். தவறு வெறுங்குலையில் இல்லை, அதை மண்ணுக்குள் கலந்ததில்தான். அதில் நார் நிறைய, நைட்ரஜன் குறைவு. நாரைத் தின்ன மண்ணின் நுண்ணுயிர்கள் பெருகும். தங்கள் உடம்பைக் கட்ட மண்ணிலுள்ள நைட்ரஜனையும் எடுத்துக்கொள்ளும். கங்கோங்குக்கு எதுவும் மிஞ்சாது. நார் தீர்ந்து அவை செத்து மட்கும்போதுதான் சத்து திரும்ப வெளியே வரும். அதனால்தான் நாங்கள் செம்பனையில் வெறுங்குலையை மேலே மட்டும் பரப்புவோம், கொத்திக் கலக்க மாட்டோம்.

யூரியா வேறு கதை. அதில் 46 விழுக்காடு நைட்ரஜன் இருந்தாலும் மேலே தூவினால் ஒரு பங்கு அம்மோனியாவாக ஆவியாகிப் போகும். பெருமழை வந்தால் கரைந்து ஓடிவிடும். மண்ணில் நின்ற அம்மோனியத்தை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றும். செடிக்குப் பிடித்தது அந்த நைட்ரேட். ஆனால் களிமண் அம்மோனியத்தைப் பிடிப்பதுபோல் அதைப் பிடித்து வைக்காது. மழைத்தண்ணீர் அதை ஆற்றுக்கே கொண்டுபோய்விடும். மழைக்கு முன்பு உரம் போடக்கூடாது என்று நாங்கள் தலையால் அடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

மலர், சுங்கை சிப்புட்

ஐயா, ரொம்ப நன்றி. இப்பவே ஒரு பயற்றஞ்செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். கடுகு அளவில் பதினைந்து இருபது முடிச்சு இருக்கும். நகத்தால் கிள்ளினேன், சிவப்பு! அப்பா இருந்திருந்தால் காட்டியிருப்பேன். பாத்தி ஓரத்தில், மழையானால் கால்வாயிலிருந்து தண்ணீர் ஏறி இரண்டு மூன்று நாள் நிற்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே மஞ்சள் இன்னும் அதிகம். ஏன்?

வகுப்பறை

தண்ணீர் நின்றால் மண்ணுக்குக் காற்று கிடைக்காது. அப்போது வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மிஞ்சும் நைட்ரஜன் வாயுவாக மேலே போய்விடும். ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகவும் போகும். பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வலியது. அந்த ஓரத்துக்கு முதலில் வடிகால் வெட்டுங்கள் அக்கா.

பழைய கிராணி

ஆமாம், முதலில் வடிகால். வெறுங்குலை கலந்த மண்ணை இரண்டு மூன்று மாதம் விட்டுவிடுங்கள், தானே தேறும். அதுவரை கங்கோங்கை வேறு இடத்தில் போடுங்கள். யூரியா கொடுப்பதாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக, மண்ணில் கோடு கீறி மூடிவிடுங்கள். பயற்றங்காய் காய்த்து முடிந்ததும் வேரோடு பிடுங்காதீர்கள். அடியில் அறுத்து, வேரை மண்ணிலேயே மட்க விடுங்கள். அடுத்த கங்கோங்கை அங்கேயே போடலாம். காயிலேயே நிறைய நைட்ரஜன் போய்விடும் என்பதால் வேரில் மிஞ்சுவது அதிகமில்லைதான், ஆனாலும் அதை வீணாக்க எனக்கு மனசு வராது.