நோசிசெப்டர்: வலியுணரியா, நோவுணரியா, ஊறுணரியா?

அன்புள்ள குழுவினருக்கு,
தருமபுரியில் மருந்தியல் நடத்துகிறேன். திங்கட்கிழமை இரண்டாமாண்டுக்கு வலி பற்றிய பாடம். முக்கால்வாசிப் பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். கையேடு இன்று மாலை அச்சுக்குப் போகவேண்டும். செல்லில் மருந்து வந்து ஒட்டும் இடமான ரிசெப்டருக்கு 'ஏற்பி' எழுதிவிட்டேன்; அடியோ சூடோ பட்டால் மூளைக்குச் சேதி அனுப்பும் நரம்புமுனையான நோசிசெப்டரில் நிற்கிறேன். 'வலியுணரி' போடலாமா?

பென்னாகரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, 'ஏற்பி'யே உறுத்துகிறது. ஏற்பது இகழ்ச்சி என்று ஔவை சொல்லியிருக்கிறாள். அதியமானிடம் நெல்லிக்கனி ஏற்றவளும் ஔவைதானே என்பீர்கள். அவள் வேறு, இவள் வேறு. அது தனி வழக்கு. 'வாங்கி' என்றால் என்ன? அப்புறம் 'வலி'. 'வினைவலியும் தன்வலியும்' என்ற இடத்தில் யாருக்கு நோகிறது? நம் பக்கம் 'கால் நோவுது' என்றுதானே சொல்கிறோம்! நோவுணரி.

ஓசூர், மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, 'வாங்கி' என்றால் பையன்களுக்கு அடிவாங்கிதான் ஞாபகம் வரும். ஏற்பியைத் தொடாதீர்கள்.

கிருஷ்ணகிரி, மயக்க மருத்துவர்:
வலி, நோவு இரண்டுமே தப்பு. 1906-இல் நரம்பியல் அறிஞர் ஷெரிங்டன் நோசிசெப்டர் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது எடுத்த லத்தீன் வேரின் பொருள் கேடு; வலி அல்ல. கபடியில் முட்டி சிராய்த்து ரத்தம் வழியும், ஆட்டம் முடிந்த பிறகுதான் எரியும். கால் எடுத்தவருக்கு இல்லாத விரல் வலிக்கும். நரம்புமுனை சேதிதான் அனுப்புகிறது; அதை வலியாக்குவது மூளை. மார்ஃபின் என்ற வலிமருந்து தண்டுவடத்திலும் மூளையிலும் ஓபியாய்டு (அபின் வகை) ஏற்பிகளில் உட்கார்ந்து அந்தச் சேதியை அமுக்குகிறது. அந்த ஏற்பிகள் இருப்பதை 1973-இல்தான் நிறுவினார்கள். அதற்கு மாற்று மருந்தான நலோக்சோனும் அதே இடத்தில் உட்காரும், ஆனால் வேலை செய்யாது, மார்ஃபினையும் உட்காரவிடாது. பேருந்தில் துண்டு போட்ட இருக்கைதான்.

பென்னாகரம்:
கேடா? அப்படியானால் 'ஊறு'! 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்': அங்கே தொடுவுணர்ச்சி. 'ஊறொரால்': இங்கே கேடு. இரண்டையும் சொல்கிற ஒரே சொல், இரண்டும் குறளிலேயே! ஊறு + உணரி, உகரம் கெட்டு ஊறுணரி. உறு என்பது முதனிலை நீண்டு ஊறு. உறவு, உறுதி, உறுப்பு எல்லாம் இந்த வேரில்...
(அடுத்த நான்கு பத்திகளை வெட்டியிருக்கிறேன். – மட்டுறுத்துநர்)

ஓசூர்:
ஊறுகாய்தான் நினைவுக்கு வரும் ஐயா. புரியாத சொல்லுக்கு இங்கிலீஷே மேல்.

தருமபுரி:
ஊறுகாய் நினைவு வந்தால் எனக்கு லாபம்தான். மிளகாய் அரிந்த விரல் 'எரியுது' என்கிறோம். விரல் சூடாகவில்லை. சுமார் 43 டிகிரியில் திறக்கும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியை மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் சூடில்லாமலே திறந்துவிடுகிறது. மூளைக்குத் தீயின் சேதி போகிறது. அமெரிக்க விஞ்ஞானி ஜூலியஸின் குழு 1997-இல் கண்டது, 2021-இல் அவருக்கு நோபலில் பங்கு. பாடத்தை இங்கிருந்தே தொடங்குகிறேன்.

கிருஷ்ணகிரி:
எனக்குச் சம்மதம். அறுவை அரங்குக்குக் கிளம்பவேண்டும்.

தருமபுரி:
மணி ஐந்தாகிவிட்டது. 'ஊறுணரி (நோசிசெப்டர்)' என்று அனுப்பிவிட்டேன்.

ஓசூர்:
என் படியில் வலியுணரி என்று பேனாவால் திருத்திக்கொள்கிறேன். தேர்வில் எவனாவது 'ஊறுகாய் நரம்பு' என்று எழுதினால் மதிப்பெண்ணில் கைவைக்காதீர்கள்.