காய்ச்சலே இல்லாமல் அத்தை படுத்துவிட்டார்: ஃப்ளூ ஊசி போடலாமா?

காவிரிக்கரை:
வணக்கம். கும்பகோணத்தில் இருக்கிறோம். என் மாமியாருக்கு வயது 76. சர்க்கரையும் பிரஷரும் உண்டு. ஆனாலும் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும் வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். போன ஐப்பசி மழையில் என் மகன் பள்ளிக்கூடத்திலிருந்து சளியோடு வந்தான். கொஞ்சம் இருமினான், அப்புறம் தெருவில் கிரிக்கெட். அத்தைக்கு ஒட்டிக்கொண்டது வேறு மாதிரி. காய்ச்சல் இல்லை. தட்டைத் தள்ளிவிட்டுத் தூங்கிக்கொண்டே இருந்தார். ஒரு மாலை என்னைப் பார்த்து, இறந்துபோன தங்கையின் பேரைச் சொல்லி, "எப்போ வந்தே?" என்று கேட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 88 சதவீதம்தான். இன்ஃப்ளூயன்சா ஏ, அதாவது ஒரு வகை ஃப்ளூ என்றார்கள்.

பிழைத்து வந்துவிட்டார். ஆனால் பொங்கல் தாண்டியும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். ஒரே கிருமி பேரனை விட்டுவிட்டுப் பாட்டியை ஏன் இப்படிச் சாய்க்கிறது? வருஷா வருஷம் ஊசி போடச் சொல்கிறார் டாக்டர். வீட்டிலோ, "சளிக்குப் போய் ஊசியா?" என்கிறார்கள்.

ஸ்டாஃப் நர்ஸ், பணி ஓய்வு:
அம்மா, மெடிக்கல் வார்டில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். மழைக்காலம் வந்தாலே, "காய்ச்சல் இல்லையே, அசதின்னு நினைச்சோம்" என்று சொல்லிக்கொண்டு பெரியவர்களைத் தூக்கி வருவார்கள். கிருமியோடு உடம்பு மல்லுக்கட்டுவதால் வருவதுதான் காய்ச்சல். வயதாக ஆக அந்த எதிர்ப்பு மந்தமாகிவிடுகிறது. கிருமி நுரையீரல் வரை இறங்கிய பிறகும் தெர்மாமீட்டர் அசையாமல் இருக்கலாம். சாப்பாடு வேண்டாம் என்பது, ஓயாத தூக்கம், ஆள் மாற்றிப் பேசுவது, காரணமில்லாமல் விழுவது, இவைதான் பெரியவர்களுக்கு அடையாளம்.

வீட்டில் ஆக்ஸிமீட்டர் (விரலில் மாட்டி ரத்த ஆக்ஸிஜனை அளக்கும் கருவி) இருந்தால் விரலைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். மருதாணி வைத்த விரல் வேண்டாம், அளவு தப்பாகக் காட்டலாம். 94க்குக் கீழே போனால் காத்திருக்காதீர்கள். மூச்சையும் எண்ணுங்கள். பேச்சுக் கொடுக்காமல், வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் பார்க்க வேண்டும். 12 முதல் 20 வரை சரி. 24ஐத் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஃப்ளூ நுரையீரலோடு நிற்பதுமில்லை. கனடாவின் ஒண்டாரியோவில் செய்து 2018இல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியானவர்களுக்கு முதல் ஏழு நாளில் மாரடைப்பு வருவது மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. "சளிக்குப் போய்" என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஃப்ளூ வைரஸுக்கான ஓசெல்டாமிவிர் மருந்தை டாக்டர் எழுதினால், அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பதுதான் நல்லது. மெடிக்கல் ஷாப்பில் நாமாகக் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

நடை போனதற்குக் காரணம், படுத்திருந்த நாட்களில் தொடைச் சதை கரைந்ததுதான். வயதானவர்களுக்கு அது வெகு வேகமாகக் கரையும். ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டு, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வெறும் கஞ்சி போதாது. பருப்பு, சுண்டல், தயிர் உள்ளே போகவேண்டும்.

திருச்சி மருந்தாளுநர்:
நர்ஸ் அம்மா சொன்னதோடு ஊசியைப் பற்றி மட்டும். இந்த வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கும். அதனால் உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியில் எந்த வகைகள் இருக்கவேண்டும் என்று பரிந்துரைக்கிறது. வருஷா வருஷம் போடுவது இதனால்தான். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் ஃப்ளூ ஏறும். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், ஆகவே ஆவணியிலேயே போட்டுவிடுங்கள். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் பெரியவர்களுக்கு இது இல்லை, கைக்காசுதான். பென்ஷனில் ஓடும் வீடுகளுக்கு இது பெரிய பாரம். இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்பது என் கருத்து.

ஊசி போட்டாலும் ஃப்ளூ வரலாம். ஆனால் ஆஸ்பத்திரி வரை போவது குறையும். ஃப்ளூவுக்குப் பின்னாலேயே பாக்டீரியா நிமோனியா வரலாம் என்பதால், அப்படி நிமோனியா தரும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் ஊசியையும் சேர்த்துக் கேளுங்கள். ஆர்.எஸ்.வி. என்ற, மூச்சுப்பாதையைத் தாக்கும் வைரஸைக் குழந்தைகள் நோய் என்றே பலர் நினைக்கிறார்கள். அது பெரியவர்களையும் இதே மாதிரி படுக்கவைக்கும். 60 கடந்தவர்களுக்கு அதற்கான ஊசியை அமெரிக்கா 2023இல் அனுமதித்தது.

காவிரிக்கரை:
இருவருக்கும் ரொம்ப நன்றி. வீட்டுக்காரரிடம் மாரடைப்பு விஷயத்தைப் படித்துக் காட்டினேன், சம்மதித்துவிட்டார். இப்போது அத்தை ஒரு கேள்வி கேட்கிறார். நாங்கள் சைவம். ஊசியில் முட்டை சேர்ப்பார்களாமே, உண்மையா?

ஸ்டாஃப் நர்ஸ், பணி ஓய்வு:
உண்மைதான் அம்மா. பெரும்பாலான ஃப்ளூ ஊசிக்கு வைரஸைக் கோழிமுட்டையில்தான் வளர்க்கிறார்கள். பிறகு சுத்திகரித்தாலும் முட்டைப் புரதம் துளி இருக்கும். முட்டை இல்லாமல் செல்களில் தயாரிக்கும் வகையும் உண்டு. உங்கள் ஊரில் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அத்தையிடம் மறைக்காமல் சொல்லி, முடிவை அவரையே எடுக்கவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் வீட்டில் மற்ற எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள், முக்கியமாகப் பேரன்.